சன்னலோரம் இருந்த ஜாடியும் வீட்டுக்குப் போன ஜாடியும்

மேடையில் வீற்றிருக்கும் நிறுவனத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் பாசியக்காவின் கணவர் அவர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே, வணக்கம்.

எழுதி வந்த உரை சட்டைப்பையில் இருக்கிறது. அதை இப்போது வாசிக்க முடியவில்லை. பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த நம் தலைமை ஆய்வாளர், நாம் பாசியக்கா என்று அழைத்த அம்மையார், எதற்காக உழைத்தார்? இயந்திரங்களுக்கு மசகு எண்ணெய்க்குப் பதில் தண்ணீரை ஊற்ற உழைத்தார். வெறும் தண்ணீர் போதுமா? இரும்பு தேயும், துருப்பிடிக்கும். அதனால் அதில் சிறிது அயனித் திரவம் கலந்தார். அதுவும் உப்புதான், கட்டியாகாமல் திரவமாகவே நிற்கிற உப்பு. உலோகத்தின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து தேய்மானத்தைக் குறைக்கும்.

உராய்வை அளக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான். "அக்கா, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்று ஓடிப்போய்ச் சொல்வேன். நிமிர்ந்தே பார்க்க மாட்டார். "மெஷின் சொன்னது இருக்கட்டும். பாசி என்ன சொல்லுது?" என்பார்.

கழிவாக ஆற்றில் கலந்தால் என்ன ஆகும் என்று அறிய, ஒவ்வொரு கலவையையும் பாசி மிதக்கும் கண்ணாடி ஜாடியில் ஊற்றுவார். பாசி வாடினால் கலவை தள்ளுபடி. "மறுபடி ஊத்து." அதைக் கேட்டு நாம் எத்தனை முறை பல்லைக் கடித்திருப்போம்?

கடைசிக் கலவைக்கு இரண்டு ஜாடி. ஒன்று இங்கே சன்னலோரம். ஒன்று விடுமுறையிலும் கவனிக்க அவர் வீட்டுக்குப் போனது. அக்கா மருத்துவமனையில் படுத்ததும் நாம் அறையைப் பூட்டினோம், சன்னலை அடைத்தோம். இங்கே பாசி செத்தது. வீட்டில் பச்சையாக இருந்தது. வெளிச்சம் இல்லாமல்தான் செத்தது, கலவை நல்லது என்று முடிவுகட்டினோம். அவர் பெயரிலேயே அது இன்று சந்தைக்கு வருகிறது என்று அறிவிக்கத்தான் என்னை மேடையேற்றினார்கள்.

சற்று முன் படிக்கட்டில் அக்காவின் கணவர் என் கையைப் பிடித்தார். "தம்பி, அந்தப் பாசி வாடிக் கிடந்துச்சு. அவளும் ஆஸ்பத்திரில கிடந்தா. இதாவது பொழைக்கட்டும்னு தண்ணிய மாத்திட்டேன். தப்பா?"

பழைய தண்ணீரோடு கலவையும் போய்விட்டது; வீட்டு ஜாடியின் பச்சை எதற்கும் சாட்சியில்லை. இந்தக் கலவை பாசியைக் கொல்லுமா, கொல்லாதா? எனக்குத் தெரியாது. அக்காவும் தெரியாமலேதான் போனார். தெரியாத ஒன்றின் மேல் அவர் பெயரை ஒட்டுவது மரியாதையா, அவமரியாதையா? தலைவர் என்னை முறைக்கிறார். நியாயம்தான், இதை அவரிடம் முன்பே சொல்ல நேரமில்லை.

எனக்குத் தெளிவாக இருப்பது ஒன்றே ஒன்று. இன்று அறிவிப்பு வேண்டாம். நாளைக் காலை அந்தச் சன்னலைத் திறப்போம், புதுப் பாசி எடுத்து வைப்போம்.

ஐயா, வீட்டிலிருக்கும் பாசியை நீங்களே வளருங்கள். தாராளமாகத் தண்ணீர் மாற்றுங்கள். அதற்கு இனி எந்தச் சோதனையும் இல்லை. சோதனை எங்களுக்குத்தான்.

மறுபடி ஊற்றுகிறோம், அக்கா.