தெய்வசிகாமணி வாசித்த கீபோர்டு

நம்ம குடியிருப்புச் சங்கச் செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கறாரு… பந்தி ரெடியாயிருச்சு போல. ஒரே ஒரு சின்னக் கதை சொல்லிக்கறேன், அப்புறம் எல்லாருமே சாப்பிடப் போயிரலாம்.

நடந்தது நம்ம கோயமுத்தூர்லதான். சிங்காநல்லூர் பக்கம், இந்த மாதிரியே ஒரு அடுக்குமாடி. மூணாவது மாடியில தெய்வசிகாமணின்னு ஒருத்தர். மில்லுல கணக்குப் பார்த்து ரிட்டயர் ஆனவரு. சம்சாரம் கோகிலா தவறிப்போய் ஒரு வருசம்கூட ஆகல. ஒரே மகன் கௌசிக்… அயர்லாந்துல வேலை.

அந்த வீட்ல என்னங்க சத்தம் இருக்கும்? காலையில குக்கர் விசில்… அப்புறம் ஃபேன். டிவி போட்டா, "சத்தத்தைக் குறைங்க"ன்னு சொல்ல ஆளில்ல. அதனால டிவியும் போடறதில்ல.

ஒருநாள் போன்ல மகன்கிட்டப் பேச்சுவாக்குல சொன்னாரு. "சின்ன வயசுல ஆர்மோனியம் கத்துக்கோணும்னு ஆசை கண்ணு. நடக்கல."

அவ்வளவுதான் சொன்னாரு. அடுத்த வாரம் பார்சல் வந்துருச்சு. மகன் அங்கிருந்தே ஆர்டர் போட்ட கீபோர்டு. வெள்ளைக்கட்டை, கறுப்புக்கட்டை, பளபளன்னு.

இவரு கூட வந்த வயரைப் போன் சார்ஜர்ல சொருகினாரு. லைட் எரிஞ்சுது. குளிச்சுட்டு வந்து, சாமி கும்பிட்டு, ஒரு கட்டையை அமுக்கினாரு.

சத்தம் வரல.

இன்னொரு கட்டை… வரல. ஓரத்துல இருந்த குமிழை முழுசாத் திருகிப் பார்த்தாரு. தலைகீழாப் பெரட்டி ஸ்பீக்கர் எங்க இருக்குன்னு தேடினாரு. ஒரு ஓட்டையும் இல்ல. லைட் மட்டும் எரியுது.

சாயங்காலம் மகன் கூப்பிட்டான். "வந்துருச்சுங்களாப்பா? வாசிச்சுப் பார்த்தீங்களா?"

நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க? அவன் அங்க இருந்துட்டு, அப்பன் ஆசைப்பட்டதை ஞாபகம் வெச்சு வாங்கி அனுப்பியிருக்கான். அது வேலை செய்யலன்னு சொல்ல இவருக்கு மனசு வரல.

"வாசிக்கறேன் கண்ணு… நல்லா இருக்குது."

பொய் சொல்லியாச்சு. பொய்யாவே இருக்கக்கூடாதுன்னு நெனச்சாரோ என்னவோ, தினம் சாயங்காலம் அதும் முன்னாடி உக்காந்தாரு. செல்போன்ல ஒரு வாத்தியார் சொல்லித்தர்ற வீடியோ. வாத்தியார் சரிகமபதநி வாசிப்பாரு. அங்க சத்தம் வரும். இவரும் அதே கட்டைகளை அமுக்குவாரு… சத்தமில்லாம. நெனச்சுப் பாருங்க. காது கேக்காத மாதிரி உக்காந்துட்டு, ஒருத்தர் மாசக்கணக்கா பாட்டுக் கத்துக்கறாரு.

ஆனா அந்தச் சத்தம் ஒருத்தருக்குக் கேட்டுச்சு.

கீழ் வீட்ல ரிஸ்வானான்னு ஒரு பொண்ணு. பேங்க் பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கு. தினம் படிக்க உக்காந்தா தலைக்கு மேல டக்கு… டக்கு… டக்குன்னு ஒரு இடி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, ஒருநாள் மேல ஏறி வந்து பெல்லை அடிச்சுது.

"அங்கிள், தினமும் என்னத்தைங்க தட்டறீங்க? படிக்கவே முடியல."

அவரு பதறிட்டாரு. "அய்யோ… மன்னிச்சுக்கம்மா. அது கீழ கேக்கும்னு தெரியாதுங்க. இனி தட்டமாட்டேன்."

"தட்டறது எதைங்க?"

கதவைத் தொறந்து காட்டினாரு. தரையில பலகை போட்டு அதும் மேல கீபோர்டு. "கெட்டுப்போச்சும்மா, சத்தம் வராது. சும்மா அமுக்கறேன்"னாரு. அந்தப் பொண்ணு குனிஞ்சு பார்த்துட்டு, "இது கெட்டுப்போகல அங்கிள். காலேஜ்ல என் ரூம்ல இருந்தவ இந்த மாதிரி ஒண்ணு வெச்சிருந்தா. இதுக்குள்ள சத்தமே கெடையாது. எந்தக் கட்டையை அமுக்கினீங்க, எவ்வளவு அழுத்தமா அமுக்கினீங்கன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும், அவ்வளவுதான். சத்தம் கம்ப்யூட்டர்லதான் வரணும்"னுச்சு.

கீழ போய் அதோட லேப்டாப்பை எடுத்துட்டு வந்துச்சு. வயரைச் சொருகி, ஒரு சாஃப்ட்வேரை இறக்கினாங்க. அமுக்கினா… அப்பவும் வரல. செட்டிங்ஸ்ல போய் கீபோர்டு பேரைத் தேடிப் பிடிச்சு டிக் பண்ணி, பியானோவைத் தேர்ந்தெடுத்து, "இப்ப அமுக்குங்க"ன்னுச்சு.

அமுக்கினாரு. ஒரு கணம் தாமதிச்சு… வந்துச்சு.

மனுசன் கையை எடுக்கல. அந்த ஒரே கட்டையை அமுக்கிட்டே இருந்தாரு, அந்த நாதம் முழுசாத் தேஞ்சு அடங்கற வரைக்கும்.

அந்த நேரம் பார்த்து மகன் வீடியோவுல கூப்பிடறான். அங்க மத்தியானம். கார்ல தனியா உக்காந்து டப்பாச் சோறு சாப்பிட்டுட்டு இருக்கான்.

"கேளு கண்ணு"ன்னு சொல்லி ச… ரி… க… வரைக்கும் வாசிச்சாரு.

"சூப்பர்ப்பா. ஏன் இத்தனை நாளா கேக்க விடல?"

"இன்னைக்குத்தான் கண்ணு சத்தமே வந்துச்சு."

பையன் சாப்பிடறதை நிறுத்திட்டான். "ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"நீ ஆசையா வாங்கிக் குடுத்தது… எப்படிச் சாமி சொல்றது?"

பையன் டப்பாவை மூடிப் பக்கத்துச் சீட்ல வெச்சான். அப்புறம் மெதுவாச் சொல்றான். "அப்பா… இங்க எனக்கும் யாருமில்லப்பா. சனி ஞாயிறு வந்தா வாயைத் தொறக்காமயே ரெண்டு நாளும் போயிருது. அம்மா போனதுக்கப்புறம் நீங்க தாங்கமாட்டீங்கன்னு சொல்லல."

ரிஸ்வானா சத்தமில்லாம எந்திரிச்சுப் போயிருச்சு. லேப்டாப்பை விட்டுட்டுத்தான் போச்சு. தெய்வசிகாமணி போனைக் கிட்டத்துல பிடிச்சுட்டு, "வெச்சுராத சாமி. பேசு… நான் கேக்கறேன்"னாரு.

அதுக்கப்புறம் அந்தப் பையன் ஊருக்கு வந்துட்டான்னு நெனைக்காதீங்க. வரல. இவரும் இன்னும் அந்த வீட்ல தனியாத்தான் இருக்காரு. ஆனா அவங்க ரெண்டு பேரும் இப்ப ஒருத்தர்கிட்ட ஒருத்தர் நடிக்கறதில்ல.

எதுக்குங்க இதைச் சொல்றேன்? இங்க உக்காந்திருக்கற எத்தனை பேர் வீட்ல, நம்ம ஆளு மனசு நோகக்கூடாதுன்னு, "எல்லாம் நல்லா இருக்கு"ன்னு தினம் சொல்லிட்டு இருக்கோம்? நாம பாசத்துலதான் மறைக்கறோம். அவங்களும் பாசத்துலதான் மறைக்கறாங்க. கடைசியில ரெண்டு பேரும் தனியாப் போயிடறோம். யார் முதல்ல சொல்றதுன்னு பார்த்துட்டு இருக்காதீங்க. நீங்க சொல்லுங்க. "எனக்கு முடியல, கஷ்டமா இருக்கு"ன்னு நீங்க சொன்னாத்தான், அவங்களும் வாயைத் தொறப்பாங்க.

அப்புறம்… மேல் வீட்ல ஏதாவது டக்கு டக்குன்னு கேட்டா, சண்டை போடறதுக்காவது ஒருதரம் ஏறிப்போய்ப் பெல்லை அடிங்க. வணக்கம்.