தொட்டால் அசையும் தோப்பு

ஹரிதா: கோவர்த்தனா... தூங்கறியா? பஸ் புத்தலப்பட்டு தாண்டிடுச்சி.

கோவர்த்தனன்: இல்ல... கண்ண மூடிக்கினு தோப்புக்குள்ள நடந்துகினு இருந்தேன்.

ஹரிதா: எந்தத் தோப்பு? நாம கம்ப்யூட்டர்ல போட்டதா?

கோவர்த்தனன்: அதேதான். பிள்ளைங்க ஸ்கிரீன்ல விரல் வெச்சா மரம் லேசா அசையுது... கிளி எழுந்து பறக்குது... பனியில எல்லாமே மெதக்குது...

ஹரிதா: நீ வரைஞ்ச, நான் கோட் எழுதி அசைய வெச்சேன். என்னையும் கூட்டிக்கினு போயேன்.

கோவர்த்தனன்: நீ வந்தா கிளிய எண்ணிக்கினு நிப்ப.

ஹரிதா: ஒண்ணு பறக்கலன்னாலும் என்னத்தான கேப்பாங்க! பதினோரு மணிக்கு நம்ம தோப்பு வெப்சைட்ட ஊருக்கே தொறந்து உடப் போறாங்க. உன் மூஞ்சி ஏன் இப்பிடி கீது?

கோவர்த்தனன்: நான்... வேலைய உட்டுடப் போறேன். மெயில் எழுதி வெச்சிட்டேன்.

ஹரிதா: அவுனா, நெஜமாவா? பெங்களூர்ல யாராவது கூப்பிட்டாங்களா?

கோவர்த்தனன்: அதெல்லாம் இல்ல. ஜன்னல் பக்கம் பாரு. அந்த மாமரம் உனக்கு இன்னா கலர்ல தெரியுது?

ஹரிதா: கொழுந்து செவப்பு. முத்தின எல பச்சை. நடுவுல கொஞ்சம்...

கோவர்த்தனன்: எனக்கு எல்லாம் ஒரே மண்ணு கலரு. பொறந்ததுலருந்தே அப்பிடித்தான். கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு கலருக்கும் ஒரு நம்பர் கீதே, அதப் பாத்து குத்துமதிப்பா ஒப்பேத்திக்கினு கீறேன். நேத்து மேனேஜரு எல்லார் முன்னாடியும் "கலர்னா கோவர்த்தனன்தான்"னாரு. ராத்திரியே மெயில எழுதிட்டேன்... ஏய், சிரிக்கிறியா?

ஹரிதா: சிரிக்கல. நீயா எப்ப சொல்லுவியோன்னு ரெண்டு வருஷமா காத்துகினு கீறேன்.

கோவர்த்தனன்: உனக்கு... தெரியுமா?

ஹரிதா: நீ போட்ட மொத படத்துல கிளி செவப்பு, மூக்கு பச்சை. கிளிக்கு வெக்கம் போலன்னு நெனச்சேன். அப்புறம்தான் புரிஞ்சிச்சி. தெனமும் நீ கெளம்பினதும் ஃபைல தொறந்து மாத்திடுவேன்.

கோவர்த்தனன்: அப்போ... எல்லாரும் புகழ்ந்தது உன் கலர.

ஹரிதா: மரம் உன்னுது. நெழலு உன்னுது. அந்தப் பனி உன்னுது. எனக்கு ஒரு எல வரைய வராது.

கோவர்த்தனன்: ஏன் எங்கிட்ட சொல்லல?

ஹரிதா: சொன்னா வரையறதயே நிறுத்திடுவியோன்னு பயம்.

கோவர்த்தனன்: இனிமே எந்த மூஞ்சிய வெச்சிகினு... மெயில அனுப்பிடறேன் ஹரிதா.

ஹரிதா: இரு. மேனேஜருகிட்ட ரெண்டு பேரும் சேந்தே உண்மைய சொல்லலாம்.

கோவர்த்தனன்: சொன்னா? கலர் தெரியாதவனுக்கு இங்க இன்னா வேலைன்னு கேப்பாரு.

ஹரிதா: கேக்கட்டும். போன வாரம் ஸ்கூல்ல நாப்பது பிள்ளைங்களுக்குத் தோப்பக் காட்டனோமே... முப்பத்திரண்டு பேரு மொதல்ல விரல் வெச்சது ஏரி ஓரத்து மரத்துல. எல மொத்தமும் செவப்பு... பச்சைன்னு நெனச்சி நீ போட்ட செவப்பு. அத மட்டும் நான் தொடவே இல்ல.