இரண்டிலும் நான்கிலும் விழும் அடி

எங்கள் குடியிருப்பைக் கட்டிய மனுஷன் எல்லாவற்றிலும் தாராளமாக இருந்துவிட்டு, சுவரில் மட்டும் கையைச் சுருக்கிக்கொண்டார். படிக்கட்டு அகலம், பால்கனி அகலம், தண்ணீர்த் தொட்டி இந்தத் தெருவுக்கே காணும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற சுவர் மட்டும் உள்ளே பொந்து விட்ட மெல்லிய கல். பக்கத்தில் தும்மினால் இங்கே நாம் முகத்தைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா. நான் ஒட்டுக்கேட்கிறவள் என்று மாடிப்படியில் யாராவது உங்களிடம் ஓதியிருப்பார்கள். நான் எங்கேயும் போய்க் காதை ஒட்டவில்லை. என் சமையலறையில் நின்றேன். சத்தம் தானாக வந்தது.

பக்கத்து வீட்டுக்காரி ஞாயிற்றுக்கிழமை ஸ்டூலிலிருந்து விழுந்து இறந்துபோனாள், விபத்து என்று எழுதிவைத்திருக்கிறீர்கள். பெரும்பாலும் சரி. ஒரு இடத்தில் மட்டும் திருத்தம் இருக்கிறது. அதற்குத்தான் கூப்பிட்டேன். உட்காருங்கள், மின்விசிறியைப் போடுகிறேன்.

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. குடிவந்த வாரமே எக்ஸ்ரே என்று பெயர் வைத்தேன், கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர்கள் வைத்திருக்கிற பெயர் ரேடியோ. அதுவும் எனக்குத் தெரியும். வருத்தமில்லை. நான் இல்லாவிட்டால் எந்த வீட்டில் எந்தப் பெண் கோபித்துக்கொண்டு போனாள், எவன் வேலை போனதை மறைத்து டிபன் பாக்ஸோடு பூங்காவில் உட்கார்ந்திருக்கிறான் என்று இங்கே ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது.

எக்ஸ்ரே கதவை நாலு விரல் அகலத்துக்குத்தான் திறப்பாள். அந்த நாலு விரலில் எவ்வளவு பார்க்க முடியும், சொல்லுங்கள். ஒரு ஜோடி செருப்பு, பாதி காலண்டர், அரை நாற்காலி. நாற்பது வயது, புருஷன் கிடையாது, ஏன் கிடையாது என்பதும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைதோறும் சாயங்காலம் ஒரு ஆள் மட்டும் வந்துபோவான். நான் அதைப் பற்றி நாலே நாலு பேரிடம்தான் சொன்னேன். அதுவும் "இருக்கலாம்" என்றுதான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு அவள் அந்த ஆளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, கீழ்த்தளத்திலிருந்து ஒவ்வொரு வீட்டு மணியாக அடித்தாள். "இவன் என் தம்பி. கூடப் பிறந்தவன். மூக்கைப் பாருங்க, ஒரே மூக்கு." எல்லோரும் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். கடைசியாக என் கதவு. பின்னால் பாதிக் கட்டடம் நிற்கிறது.

"அக்கா, இவன் என் தம்பி. நாலு பேர்கிட்ட நான் சொல்லிட்டேன். மிச்சப் பேருக்கு நீங்களே ஒலிபரப்பிடுவீங்கல்ல?"

நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் அன்றையிலிருந்து நான் படியேறினால் பேச்சு இறங்கிவிடும். மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால், "வெயில் ஜாஸ்தி அக்கா" என்பார்கள். முப்பது வருஷம் நான் கட்டிக்காத்த இடம் அது. ஒரு மூக்கைக் காட்டிப் பிடுங்கிவிட்டாள்.

கிட்டார் வந்தது போன வருஷம். ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் வாசிக்கப் போகிறாளாம், கூடத் தாளம் போட ஆள் கிடையாதாம். அதனால் ஒரே கிட்டாரில் பாட்டையும் வாசித்து மத்தளத்தையும் அடிக்கிற வித்தை. கைபேசியில் ஒரு வாத்தியார் சொல்லிக்கொடுப்பார், அவர் குரலும் சுவர் வழியாக என் வீட்டுக்குத்தான் வரும். "கையை நிறுத்தாதீங்க. கை பெண்டுலம் மாதிரி மேலயும் கீழயும் போயிட்டே இருக்கணும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ரெண்டுலயும் நாலுலயும் கை இறங்கும்போது கட்டைவிரல் பக்கத்துச் சதை கம்பி மேல விழணும்." மீட்டுவதும் அடிப்பதும் ஒரே இறக்கத்தில் நடக்க வேண்டும். சரியாக விழுந்தால் கம்பி வாயடைத்துப்போய் 'டக்' என்று மட்டும் கேட்கும். தப்பாக விழுந்தால் தட்டு விழுந்த மாதிரி ஒரு இரைச்சல். இரண்டு மாதம் எனக்குத் தட்டு விழுந்த இரைச்சல்தான்.

அப்புறம் அடுத்த பாடம். உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் கிட்டாரின் வயிற்றில் ஒரு 'தும்'. விரல் முட்டியால் அதன் விலாவில் ஒரு 'டொக்'. தும், டக், தும், டொக். அவள் நாலாவது அடியில் எப்போதும் அவசரப்படுவாள். மூன்று முடிவதற்குள் நாலு வந்து நிற்கும். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அதே வாத்தியாரை நானும் கைபேசியில் தேடிப் பிடித்துப் பார்த்தேன். பக்கத்து வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டாமா. சமையல் மேடையில் தட்டிப் பார்த்தேன். ஒரு வாரத்தில் எனக்கு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தது நான்தான். செயலாளர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் அளந்துதான் பேசுவார். வந்து கேட்டார், அளந்தார், தீர்ப்புச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பத்திலிருந்து பதினொன்று வரை மட்டும். என் சமையலறையை ஒட்டிய சின்ன அறையில் மட்டும். கதவைச் சாத்தி, ஜன்னலுக்கு ஸ்பாஞ்சு அடைத்து வாசிக்க வேண்டும். ஸ்பாஞ்சு என் யோசனை. வெளியே, மாடிப்படிக்கு, கீழ்வீட்டுக்கு, தெருவுக்கு ஒரு துளிச் சத்தம் போகவில்லை. எனக்கு மட்டும் கேட்டது. அது எனக்குத் தொந்தரவாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் திருப்தியாகவும் இருந்தது. மற்றவர்களுக்கு அதில் பங்கில்லை பாருங்கள்.

ஒரு ஞாயிறு அவள் அந்த நாலாவது அடியில் பதினேழு தடவை தடுக்கினாள். எண்ணினேன். என்னால் தாங்க முடியவில்லை. விரல் முட்டியால் சுவரில் சரியாகத் தட்டிக் காட்டினேன். தும், டக், தும், டொக். அந்தப் பக்கம் கிட்டார் நின்றது. பிறகு அவள் தட்டினாள், சரியாக. பிறகு ஒரு சிரிப்பு. ரெண்டு நிமிஷத்தில் என் வாசல் மணி.

"அக்கா, நீங்கதானே தட்டினது?"

"நானா? ஆணி அடிச்சேன்."

"ஆணி இவ்வளவு அழகா தாளம் போடுமா? வாங்களேன், உள்ள வந்து பாருங்க. உங்க காது எனக்கு வேணும்."

அவள் கதவு பின்னால் முழுசாகத் திறந்துகிடந்தது. நாற்காலி முழுசாகத் தெரிந்தது. எனக்கு அடுப்பில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். மூன்று வருஷம் சாத்திவைத்துவிட்டு, தனக்குத் தேவை வந்ததும் திறக்கிறாள் என்றால் எப்படி அம்மா போவது. எனக்கும் ஒரு மரியாதை இருக்கிறதல்லவா.

இப்போது போன ஞாயிறுக்கு வருகிறேன்.

சனிக்கிழமையே செயலாளரிடம் சொல்லியிருந்தேன், ஸ்பாஞ்சு மேல்பக்கம் பிரிந்து தொங்குகிறது, சத்தம் கசிகிறது என்று. கசியவில்லை. தொங்குவதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன், அவ்வளவுதான். செயலாளர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அதனால் ஞாயிறு பத்து மணிக்கு அவள் அறைக்குள் போனதும் முதலில் ஸ்டூல் இழுபடும் சத்தம், பிறகு டேப் கிழியும் சத்தம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்டூல் சரிந்தது. பிறகு அவள். பிறகு கிட்டார். ஆறு கம்பியும் ஒன்றாக முழங்கி, மெதுவாக அடங்கியது. அப்போது மணி பத்தேகால்.

கத்தத் தெம்பில்லை போலிருக்கிறது, கொஞ்ச நேரம் கழித்துச் சுவரில் தட்டினாள். கிட்டாரில் இல்லை, சுவரில். மரத்தின் வயிற்றில் தட்டினால் சத்தம் உருண்டையாக வரும், சுவரில் தட்டினால் தட்டையாக வரும். அதுவும் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில். முதலில் தும், டக், தும், டொக் என்றுதான் தட்டினாள், எனக்குத் தெரிந்த மொழியில் கூப்பிடுகிற மாதிரி. அப்புறம் அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும், நான் அதைப் பயிற்சி என்று நினைத்துவிடுவேனோ என்று. தாளத்தை விட்டுவிட்டாள். வேண்டுமென்றே ஒழுங்கில்லாமல் தட்ட ஆரம்பித்தாள். மூன்று, ஒன்று, ஐந்து, ரெண்டு. அவளுக்கு மூளை உண்டு, அதை நான் எப்போதும் மறுத்ததில்லை.

என் வீட்டுக்காரர் அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிடுவார், பேட்டரி மிச்சம் என்பார். முதுகைத் தடவிக்கொண்டு, "என்ன, சுவர் துடிக்குது?" என்று கேட்டார். கிட்டார் வாசிக்கிற மாதிரி கையைக் காட்டினேன். சிரித்துவிட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்குக் கீழ்வீட்டு மருமகள் மொட்டைமாடிச் சாவி கேட்டு வந்தாள். சாவி நான் வைத்திருப்பதால் அவர்கள் என்னிடம் வந்துதான் ஆக வேண்டும். சமையலறை வரைக்கும் வந்தவள் காதைத் தீட்டினாள்.

"என்ன அக்கா, எக்ஸ்ரே இன்னும் அடிச்சுட்டிருக்காங்க? பதினொண்ணோட நிறுத்தணுமே."

"விழா வருதுல்ல. போகட்டும் விடு."

"நீங்களா விடச் சொல்றீங்க? மழைதான் வரப்போகுது." சிரித்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பினாள். "ஒரு மாதிரி இருக்கே அக்கா சத்தம். மணி அடிச்சுப் பாக்கட்டுமா?"

"அடி. நேத்து நான் அடிச்சப்ப மூஞ்சியில அடிச்ச மாதிரி கதவச் சாத்தினா. உனக்கும் அது வேணும்னா போ."

"ஐயோ, எனக்கெதுக்கு வம்பு" என்று சாவியை வாங்கிக்கொண்டு போனாள். முந்தின நாள் நான் அவள் வீட்டு மணியை அடிக்கவே இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மணி வாக்கில் தட்டும் சத்தம் பலவீனமாகிவிட்டது. தட்டுவதற்கு நடுவில் நீளநீளமான இடைவெளி. அப்போது நான் ஒன்று செய்தேன். சுவருக்குப் பக்கத்தில் குனிந்து, விரல் முட்டியால் பதில் தட்டினேன். இரண்டே அடி. நான் இருக்கிறேன், கேட்கிறது என்று தெரியட்டுமே என்று.

அவள் நிறுத்திவிட்டாள். ஏதோ சொன்னாள். ஸ்பாஞ்சு வைத்தது ஜன்னலுக்குத்தானே, சுவர் வழியாக மெல்லிசாகக் கேட்டது. "அக்கா" என்று கேட்டது. அதற்கப்புறம் அரை மணி நேரம் சத்தமே இல்லை. உதவி வருகிறது என்று தெம்பைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. நான் சாதத்தை வடித்து, அவருக்குப் பரிமாறி, பாத்திரம் தேய்த்தேன். என்னை ஒருத்தி இவ்வளவு நேரம் எதிர்பார்த்துக் காத்திருந்தது ரொம்ப நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான். பிறகு மறுபடி தட்டினாள். அதற்கு நான் பதில் தரவில்லை.

மூன்று பத்துக்குக் கடைசி. அது தட்டல்கூட இல்லை, நகத்தால் வருடுகிற மாதிரி.

சாயங்காலம் வழக்கம்போலத் தம்பி வந்தான், தன்னிடம் இருந்த சாவியால் திறந்தான், கத்தினான். முதலில் ஓடிப்போனது நான்தான். யார் வேண்டுமானாலும் சாட்சி சொல்வார்கள். தண்ணீர் கொண்டுவந்தேன், போர்வை கொண்டுவந்தேன், ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அந்தச் சின்ன அறையை முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். கைபேசி கூடத்து மேஜையில் இருந்தது. தொடை எலும்பு உடைந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்திருக்கிறது, மத்தியானத்துக்குள் கொண்டுவந்திருந்தால் காப்பாற்றியிருப்போம் என்று டாக்டர் சொன்னதை, தம்பிக்குத் திரும்ப எடுத்துச் சொன்னதும் நான்தான். அவனுக்கு அழுகையில் சரியாகக் காதில் விழவில்லை.

இது வரைக்கும் நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை. கீழ்வீட்டு மருமகள் வாக்குமூலம் கொடுத்தாள், செயலாளர் கொடுத்தார், அதோடு முடிந்தது என்று பேனாவை மூடிவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். நாலு நாள் இருந்தேன்.

மாடிப்படியில் இப்போது மறுபடி எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். அதுதான் பிரச்சினை. நேற்று அந்த மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் சொல்கிறாள். "மனசப் போட்டு வருத்திக்காதீங்க அக்கா. எது வாசிப்பு, எது தட்டுறதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வயசாச்சு, காதும் முன்ன மாதிரி இல்ல." செயலாளர் தலையாட்டுகிறார். "பாவம், அவங்களுக்கு என்ன தெரியும்" என்கிறார். தம்பி, அந்த மூக்குக்காரன், என் காலைத் தொட்டு, "நீங்க ஒண்ணும் தெரியாதவங்க அக்கா, உங்க மேல எனக்குக் கோபமே இல்ல" என்கிறான். எல்லோரும் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள். ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை எனக்கு.

பேனாவைத் திறந்துகொள்ளுங்கள். விழுந்தது கேட்டது. தட்டியது கேட்டது. தாளம் மாறியது புரிந்தது, ஏன் மாறியது என்றும் புரிந்தது. மணி அடித்துப் பார்க்கிறேன் என்ற மருமகளைப் போகவிடாமல் திருப்பி அனுப்பினேன். ஐந்து மணி நேரம், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரைக்கும், ஒன்றுவிடாமல் கேட்டேன். இதற்கு நீங்கள் என்ன பெயர் வேண்டுமானாலும் வைத்து எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போடுங்கள். எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள் அம்மா, அப்புறம் நான் எந்த முகத்தோடு இந்தப் படியில் இறங்குவது.