என் குரலில் ஒரு கிலோ

திண்டிவனத்தின் இம்மாலைக்குத் தலைமை தாங்கும் ஹாஜிரா பீவி அம்மையார் அவர்களே, மரக்காணம் கரையிலிருந்து வலையை மடித்து வைத்துவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, சங்கங்களுக்கு மென்பொருள் எழுதும் தோழர்களே, பரிமளாவின் பணிவான வணக்கம். முன்வரிசையில் அன்புச்செல்வன் இருப்பதாக இந்தப் பட்டியல் சொல்கிறது. பட்டியலை நம்பிக் கெட்டவள் நான். அண்ணே, கையைத் தூக்குங்க. நன்றி.

தொழிலைக் கணினி அறியாவிட்டால் என்ன ஆகும்? அன்புச்செல்வன் அண்ணனுடைய குப்பத்து மீனவர் சங்கத்துக்கு நான் ஒரு மென்பொருள் எழுதினேன். திரும்பிய படகின் மீன் எடையைப் பதிந்தால், ஒலிபெருக்கி ‘இன்னார் கரை சேர்ந்தார்’ என்னும். ஆறு மணிக்குள் எடை ஏறாவிட்டால், ‘கரை சேரவில்லை’ என்னும். அழகான திட்டம், அறிவான திட்டம், ஆளை விழுங்கும் திட்டம்.

வலை வெறுமையாக வரும் நாள் கடலில் இல்லையா? எடைக்கு நான் வைத்த கட்டம் பூஜ்ஜியத்தை ஏற்காது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவரையே காணவில்லை என்று கூவியது ஒலிபெருக்கி. ஆம், சிரியுங்கள், நானும் சிரித்தேன். விளக்கேற்றும் வேளையில் கணவன் பெயரை அப்படிக் கேட்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்? அதனால் மனைவிமார் வீட்டிலிருந்தபடியே கைபேசியில் ‘ஒரு கிலோ’ என்று முன்கூட்டியே பதிந்து வைத்தார்கள். என் திரையெங்கும் பச்சை. பார்த்துப் பூரித்துப்போனேன்.

ஒரு கார்த்திகை மாலை, ஐந்தரை மணி. காற்றே இல்லை; ஒலிபெருக்கிச் சத்தம் கடலுக்குள்ளும் கேட்கும். ‘அன்புச்செல்வன் கரை சேர்ந்தார்’ என்றது ஒலிபெருக்கி. அது நான் பேசிப் பதிந்த குரல். அவர் படகு நிற்கும் இடத்தில் வெறும் மணல். எல்லாரும் வந்துவிட்டதாக எண்ணிச் சங்கத்தார் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவர் எங்கே இருந்தார்? அலை புரட்டிக் கவிழ்த்த படகைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “எம்பேரு காதுல வுழுந்துச்சுங்க. நான் கரைக்கு வந்துட்டேன்னு சொல்லுது. அப்ப இங்க தொங்கிக்கினு இருக்கறது யாருன்னு எனக்கே டவுட்டு வந்துடுச்சு.”



அவர் மனைவி தையல்நாயகிக்கு மட்டும் தெரியும், அது யார் பதிந்த எடை என்று. கரை முழுக்கக் கத்திக்கொண்டே ஓடினார்: “அது நான் போட்ட ஒரு கிலோ. அவரு வரல. ஜல்தி படகை எடுங்க.” எடுத்தார்கள். முழுக்க இருட்டுவதற்குள் உயிரோடு கொண்டு வந்தார்கள்.

தோழர்களே, நிறுவனக் கட்டமைப்பு என்று பெரிய பெயரில் நாம் படிப்பது எதை? ஒரே தாளில் மேலே தொழில், அதன் கீழே தகவல், அதன் கீழே மென்பொருள், அடியில் கருவி. நான் அடியிலிருந்து தொடங்கினேன். மேலிருந்து தொடங்கியிருந்தால், “சும்மா வந்தா என்னா போடறது?” என்று தையல்நாயகி முதல் நாளே கேட்டிருப்பார். பிறகு அந்தத் தாளைக் குப்பத்தாரோடு மணலில் உட்கார்ந்து வரைந்தோம். இப்போது ‘சும்மா வந்தது’ என்றொரு கட்டம் உண்டு. படகைக் கண்ணால் பார்த்தவர்தான் பதியலாம்.

ஒலிபெருக்கியில் என் குரலை மாற்றிவிடுகிறேன் என்றேன். தையல்நாயகி ஒத்துக்கொள்ளவில்லை. “அதே குரலு இருக்கட்டும். உங்க போனுக்கும் வர்ற மாதிரி பண்ணிக்கோங்க. தினம் நீங்க கேக்கணும்.”

இன்றும் ‘அன்புச்செல்வன் கரை சேர்ந்தார்’ என்று கேட்டேன். கேட்டாலும், அண்ணனைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யத்தான் முதலில் கை தூக்கச் சொன்னேன். பொறுமையோடு செவிமடுத்த உங்களுக்கு என் நன்றியும் வணக்கமும்.