செண்பகவல்லியின் உறுதிமொழி

ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன்... கொஞ்சம் காதைக் குடுங்க. முன்வரிசையில யாரோ என் நெத்தியையே பாக்கறீங்க. ஆமாங்க, திருநீறு பூசிக்கிட்டுத்தான் வந்திருக்கேன். பூசிக்கிட்டுத்தான் இதைப் பேசவும் போறேன்!

ஒரு பேரூராட்சி. பதவியேற்பு விழா. ஏழாவது வார்டுல ஜெயிச்சவங்க செண்பகவல்லி. அவங்க தெருவுல குழாய் இருக்கு... தண்ணி இல்ல. "நான் கொண்டு வர்றேன்"னு சொல்லி ஓட்டு வாங்கின அம்மா.

ஒவ்வொருத்தரா மைக்குக்கு வர்றாங்க. "கடவுள் அறிய உறுதி கூறுகிறேன்..." ஒருத்தர் பாக்கெட்ல போன் அடிக்குது. அதை அமுக்கிக்கிட்டே கடவுளைச் சாட்சிக்குக் கூப்பிடறாரு மனுஷன்!

செண்பகவல்லி வந்தாங்க. "உளமார உறுதி கூறுகிறேன்."

அதிகாரி முகத்தைச் சுளிச்சாரு. "கடவுள் அறியன்னு சொல்லும்மா."

"சார், ரெண்டுல எதை வேணாலும் சொல்லலாம்னு சட்டத்துலயே இருக்கு."

"எல்லாரும் சொன்னாங்கல்ல? சொல்லலைன்னா பதவி கிடையாது. அடுத்த வார்டு வாங்க!"

கூட்டத்துல ஒருத்தன் கத்தறான்... "சாமி இல்லேங்கறவளுக்கு எதுக்குய்யா பதவி?"

அந்த அம்மா மைக்கை விடல. "யாருய்யா அது? வருஷா வருஷம் மாரியாத்தாவுக்குத் தீச்சட்டி தூக்கறவ நான்! அவளை எதுக்குய்யா இந்த மேடைக்கு இழுக்கறீங்க? நாளைக்குக் குழாய்ல தண்ணி வரலைன்னா அவகிட்டயா போய்க் கேப்பீங்க? வாக்குக் குடுக்கறது நான். வரலைன்னா... குடத்தைத் தூக்கிட்டு என் வாசலுக்கு வாங்க!"

சொல்லிட்டு மறுபடியும் "உளமார"ன்னு ஆரம்பிச்சு, மளமளன்னு முழுசா முடிச்சாங்க. அதிகாரி கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டினாரு.

கை தட்டாதீங்க! எனக்கு வயிறு எரியுது. சட்டம் குடுத்த வார்த்தையைச் சொன்னதுக்கு ஒரு பொம்பளை ஊர் முன்னாடி தன் பக்தியை நிரூபிக்கணுமா? அவங்க தீச்சட்டி தூக்காதவங்களா இருந்தா? சாமியே கும்பிடாதவங்களா இருந்தா...? அப்பவும் அந்தப் பதவி அவங்களோடதுதானேய்யா! பள்ளிக்கூடத்துல கொடிக்கு முன்னாடி பிரார்த்தனை நடக்கறப்ப ஒரு குழந்தை சாமி பேரைச் சொல்லாம நின்னா, அதையும் இப்படித்தான் அதட்டுவீங்களா?

நான் கும்பிடறது எனக்கும் என் சாமிக்கும் நடுவுல. பதவி, உங்களுக்கும் எனக்கும் நடுவுல. அதனால மேடையேறி வாக்குக் குடுக்கறவங்களைப் பாத்து எந்தச் சாமின்னு கேக்காதீங்க... தண்ணி வரலைன்னா எந்த வாசலுக்கு வரணும்னு கேளுங்க!