சுத்தமான ஒரு வாரம்

என் பெயர் ஓபல் ஹார்ட்சாக். வயது ஐம்பத்தொன்பது. காலஞ்சென்ற ராய்ஸ் ஹார்ட்சாக்கின் மனைவி. ஓஹியோ ஆற்றங்கரையில் மெரிட்ஸ் லாண்டிங் என்ற ஊரில், படகுத்துறைச் சாலையில் சொந்த வீட்டில் குடியிருந்து வருகிறேன். பள்ளிக்கூடச் சமையலறையில் மதியச் சாப்பாடு பரிமாறும் பகுதிநேர வேலை செய்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். என் மேல் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. வக்கீல் வைத்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்று விசாரணை அதிகாரி திருமதி கார்வின் சொன்னார். வேண்டாம் என்றேன். வக்கீல் வந்தால் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்வார். நான் பேசுவதற்காகத்தான் வந்திருக்கிறேன்.

என் கணவர் எங்கள் ஊரில் கழிப்பறைப் பீங்கான் செய்யும் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தார். இந்த நாட்டில் பாதிப் பேர் தினமும் காலையில் உட்காருவது நான் சுட்டெடுத்ததன் மேல்தான் என்று சொல்லிச் சிரிப்பார். சென்ற அக்டோபரில் சூளையை அணைத்துவிட்டு அவரையும் மற்றவர்களையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவர் வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு மனுப் போட்டார். மனுப் போட்டால் மட்டும் போதாது, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஃபோன் செய்து அந்த வாரத்துக்கான கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றார்கள். எங்கள் பக்கத்தில் இன்டர்நெட் சரியாக வராது. அதனால் ஃபோன்தான்.

அந்த ஃபோனில் பேசுவது பதிவு செய்யப்பட்ட ஒரு பெண் குரல். வாரத்தின் எல்லா நாளும் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா என்று கேட்கும். ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் ஒன்பது. கிடைத்த வேலையை மறுத்தீர்களா, சம்பளம் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்கும். கடைசியில், வேலை கேட்டுப் போன இரண்டு இடங்களின் பெயரைச் சொல்லச் சொல்லும். என் கணவர் தேவாலயத்துக்குப் போட்டுக்கொண்டு போன சட்டையைக் கழற்றாமலே சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு ஃபோன் செய்வார். பட்டனை அமுக்குவதற்கு முன், "இருந்தேன் மேடம்" என்று அந்த மெஷினுக்கு வாயாலும் பதில் சொல்வார். நான் பீன்ஸ் கிளறிக்கொண்டே சிரிப்பேன். முதல் சில வாரங்களுக்கான பணம் செவ்வாய்க்கிழமைதோறும் சரியாக வந்தது.

அதன் பிறகு நவம்பரில் ஒரு வியாழக்கிழமை அவருக்கு நெஞ்சை அடைத்தது. நான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். அரை நாள் வைத்திருந்து சோதித்துவிட்டு, இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு இருப்பது போலத் தெரிகிறது, அடுத்த மாதம் வந்து முழுச் சோதனை செய்துகொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர் ஃபோன் செய்தார். எல்லா நாளும் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா என்று அந்தக் குரல் கேட்டது. அவர் விரலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வியாழக்கிழமை இல்லையே, ஓபல்" என்றார்.

"அரை நாள்தானேங்க. அமுக்குங்க" என்றேன்.

"அரை நாளும் நாள்தானேடி" என்று சொல்லி ஒன்பதை அமுக்கினார். அவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று என்னைக் கேட்டால், இந்த ஒரு குற்றத்துக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பேன்.

அந்த வாரத்துப் பணம் வரவில்லை. அதற்கு அடுத்த வாரத்துப் பணமும் வரவில்லை. அவர் கூடவே சூளையில் வேலை பார்த்து, கூடவே வேலையும் போன டென்வர் ஸ்லோன் என்பவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏன்டா ராய்ஸ், உனக்கு மூளை இருக்கா? ஊரே ஒன்னு, ஒம்போது, ஒம்போதுன்னு கண்ண மூடிக்கிட்டு அமுக்குது. நீ என்னமோ பைபிள் மேல கைய வச்ச மாதிரி பதில் சொல்லியிருக்க. எங்கம்மா காரியத்துக்கு மூணு நாள் வெளியூர் போயிருந்தேன். ஒன்னுதான் அமுக்கினேன். பணம் டாண்ணு வந்துச்சு."

"கேட்டாங்க, சொன்னேன்."

"கேக்குறது மெஷின்டா! அதுக்கு நீ நல்லவன்னா தெரியப் போகுது?"

அதன் பிறகு நாங்கள் அலுவலகத்துக்கு ஃபோன் செய்ய ஆரம்பித்தோம். காலையில் லைன் திறந்ததும் அடித்தால் மதியம் வரை பாட்டுப் போடுவார்கள். பிறகு தானாகவே அறுந்துவிடும். டிசம்பரில் ஒரு நாள் ஓர் ஆள் கிடைத்தார். உங்கள் பதிலில் ஒரு பிரச்சினை பதிவாகியிருக்கிறது, அதை ஓர் அதிகாரி பார்த்துத் தீர்க்க வேண்டும் என்றார். எந்த அதிகாரி என்று என் கணவர் கேட்டார். இன்னும் யாரையும் போடவில்லை என்றார். டாக்டர் சீட்டை அனுப்பவா என்றதற்கு, அதிகாரி கேட்டால் அனுப்புங்கள் என்றார். அதுவரைக்கும் பணம் வராவிட்டாலும் வாரா வாரம் ஃபோன் செய்வதை நிறுத்தக் கூடாது, ஒரு வாரம் விட்டாலும் மனு மூடிக்கொள்ளும், நிலுவையில் உள்ள வாரங்களும் போய்விடும் என்றார்.

அப்படியே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்தார். என் சம்பளத்திலும், ஃப்ரீஸரில் கிடந்த மான் கறியிலும் குளிர்காலத்தை ஓட்டினோம். டென்வர் டெலிஃபோன் புத்தகத்தைப் பார்த்து இரண்டு பெயரைப் படித்துவிடுவார். என் கணவர் அப்படிச் செய்ய மாட்டார். வாரத்தில் இரண்டு இடத்துக்கு நேரில் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வேலை கேட்பார். அறுபத்தொரு வயதுக்காரருக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. மருத்துவமனையில் முழுச் சோதனைக்குக் கொடுத்திருந்த நாளை அவரே ஃபோன் செய்து ரத்து செய்தார். இது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்ததும் சண்டை போட்டேன்.

"போனா அந்த வாரமும் ஒம்போது அமுக்கணும். ஒரு ஒம்போதுக்கே இந்தப் பாடு. ரெண்டாவதா ஒன்னு விழுந்தா எல்லாத்தையும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிப்பாங்க" என்றார்.

"அப்போ ஒன்ன அமுக்கித் தொலைங்களேன்!" என்று கத்தினேன்.

"போகாம இருந்துட்டா பொய் சொல்ல வேண்டியதே இல்லையே" என்றார்.

இவருடன் முப்பத்தைந்து வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். திருமதி கார்வின், இது விசாரணைக்குத் தேவையில்லை என்றார். தேவை என்றேன். எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தானாகவே ஃபோன் செய்தார். அதுதான் முதல் தடவை. என் கணவர் ஸ்பீக்கரில் போட்டார். அந்தப் பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உங்க ஃபைல் மேல வந்துடுச்சு, மிஸ்டர் ஹார்ட்சாக். புதுசா எந்தப் பிரச்சினையும் இல்லாம இந்த ஒரு வாரம் சுத்தமா இருந்துச்சுன்னா, அடுத்த வாரமே எல்லாத்தையும் விடுவிச்சுடலாம்" என்றார். என் கணவர் நான்கு முறை நன்றி சொன்னார். ஃபோனை வைத்ததும் என்னைப் பிடித்துச் சமையலறையிலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். அவருக்கு மூச்சு வாங்கியது. நான் குண்டாகிவிட்டதுதான் காரணம் என்று பழியை என் மேல் போட்டார்.

புதன்கிழமை அவருக்கு மறுபடியும் நெஞ்சை அடைத்தது. இடது கை மரத்துப்போகிறது என்றார். நான் வண்டிச் சாவியை எடுத்தேன். அவர் சாவியை என் கையிலிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சனிக்கிழமையோட வாரம் முடியுது. ஞாயித்துக்கிழமை ஃபோனப் பண்ணிட்டு, அந்தச் சட்டையோடவே வர்றேன். நீ எந்த ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டாலும் வர்றேன்" என்றார்.

"ஞாயித்துக்கிழமை அடுத்த வாரக் கணக்காச்சே. அது மட்டும் பரவாயில்லையா?"

"அதுக்குள்ள பணத்த விடுவிச்சிடுவாங்க, ஓபல். இது ஒரு வாரம்தான்."

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போகிறேன் என்றேன். கூப்பிட்டால் ஏற மாட்டேன் என்றார். நான் கூப்பிடவில்லை. இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். கூப்பிட்டிருக்க வேண்டும். எனக்கும் அந்தப் பணம் வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது டென்வர் சமையலறை வழியாக உள்ளே வந்தார். "ஏப்ரனக் கழட்டு, ஓபல். வா" என்று மட்டும் சொன்னார். அந்த வாரத்துக்கு இரண்டாவது இடம் பாக்கியிருந்ததால் என் கணவர் மரக்கடைக்கு வேலை கேட்கப் போயிருக்கிறார். கேட்டுவிட்டு வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்திருக்கிறார். தூங்குகிறார் என்று நினைத்துக் கடைக்காரர்கள் வெகு நேரம் தொந்தரவு செய்யாமல் விட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் மேசை கொள்ளாமல் சாப்பாடு கொண்டுவந்து வைத்திருந்தார்கள். நான் ஃபோனை எடுத்துக்கொண்டு துணி துவைக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் கணவரின் ரகசிய எண்ணைப் போட்டேன். எல்லா நாளும் வேலை செய்யும் நிலையில் இருந்தீர்களா என்று அந்தக் குரல் கேட்டது. ஒன்றை அமுக்கினேன். அவர் உயிரைக் கொடுத்துச் சுத்தமாக வைத்திருந்த வாரம் அது. அதை நான் அழுக்காக்குவதாக இல்லை. இதுதான் நான் சொன்ன முதல் பொய்.

அடக்கம் முடிந்த பிறகு அலுவலகத்துக்கு ஃபோன் செய்தேன். இரண்டு நாள் முயன்ற பிறகு ஒரு பையன் பேசினான். என் கணவரின் கணக்கைப் பற்றிப் பேச வேண்டும் என்றேன்.

"கணக்கு உங்க வீட்டுக்காரர் பேர்ல இருக்கு மேடம். அவர லைன்ல வரச் சொல்லுங்க."

"அவரு செத்துட்டாருப்பா. அதச் சொல்லத்தான் கூப்பிடுறேன்."

"ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். ஆனா அவரு அனுமதி குடுத்தாத்தான் உங்ககிட்ட கணக்கப் பத்திப் பேச முடியும்."

"சரி, கேட்டுட்டுச் சொல்றேன்" என்றேன்.

அவன் நன்றி சொல்லிவிட்டு, யாராக இருந்தாலும் கடைசியில் சொல்லும் பாடத்தை ஒப்பித்தான். "வாரா வாரம் ஃபோன் பண்றத மட்டும் நிறுத்திடாதீங்க. ஒரு வாரம் விட்டாலும் மனு மூடிக்கும்."

அவன் சொன்னதால்தான் செய்தேன் என்று நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. எனக்கு விவரம் தெரியும். முதலில், அவர் உயிரோடு இருந்தபோது வராமல் நின்றுபோன வாரங்களின் பணம் கைவிட்டுப் போகக் கூடாது என்று செய்தேன். அதன் பிறகு ஆத்திரத்தில் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டில் அவரைப் பற்றி விசாரிக்க அந்த மெஷினைத் தவிர வேறு யாரும் இல்லை என்பதாலும் செய்தேன். வேலை செய்யும் நிலையில் இருக்கிறாரா என்று அது கேட்கும். இருக்கிறார் என்று ஒன்றை அமுக்குவேன். கிடைத்த வேலையை மறுத்தாரா என்று கேட்கும். அவர் எதையும் மறுக்கவில்லை என்று ஒன்பதை அமுக்குவேன்.

வேலை கேட்டுப் போன இரண்டு இடங்களாக யாரைச் சொன்னீர்கள் என்று திருமதி கார்வின் கேட்டார். முதல் வாரம், அவர் நேரில் போன டயர் கடையையும் மரக்கடையையும் சொன்னேன். அடுத்த வாரத்திலிருந்து, பிணத்தை வைத்திருந்த இறுதிச்சடங்கு இல்லத்தின் பெயரையும் கல்லறைத் தோட்டத்தின் பெயரையும் சொன்னேன். அந்த இரண்டு இடத்துக்கும் அவர் போனது உண்மை. யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் இறந்ததற்கு அடுத்த வாரத்திலிருந்து பணம் வர ஆரம்பித்தது. செவ்வாய்க்கிழமைதோறும், ஒரு நாள் தள்ளிப்போகாமல், எங்கள் இருவர் பெயரிலும் இருந்த வங்கிக் கணக்கில் விழுந்தது. ஏப்ரல் கடைசி வரை வந்தது. அதில் இறுதிச்சடங்கு இல்லத்துப் பாக்கியைக் கட்டினேன். மிச்சம் கணக்கிலேயே இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு இறப்புப் பதிவைச் சரிபார்த்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லி என்னை இங்கே வரச் சொன்னார்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை, என் கணவர் உயிரோடு இருந்து வேலை தேடிய வாரங்களின் பணம் என்ன ஆயிற்று என்று நான் திருமதி கார்வினைக் கேட்டேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அந்த வாரங்கள் இன்னும் பரிசீலனையில் இருக்கின்றன என்றார். ஏன் என்று கேட்டேன். நவம்பர் மாதம் ஒரு கேள்விக்கு அவர் ஒன்பது என்று பதில் சொல்லியிருப்பதால் என்றார்.

அவர் இறந்தது தெரிந்தே ஒன்றை அமுக்கினீர்களா என்று கேட்கப்பட்டதற்கு, ஆம், தெரிந்தே ஒவ்வொரு முறையும் நான்தான் அமுக்கினேன், டென்வர் ஸ்லோனுக்கோ வேறு யாருக்கோ இதில் சம்பந்தமில்லை என்று சொல்கிறேன்.

மேலே கண்ட எல்லாம் என் வாயால் சொன்னது. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள், கேட்டுக்கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. இதில் சொன்னது அத்தனையும் உண்மை. உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தேதான் சொல்லியிருக்கிறேன்.

(ஒப்பம்)
ஓபல் ஹார்ட்சாக்

என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது:
எஸ். கார்வின், விசாரணை அதிகாரி