பாலத்து இறக்கத்தில் நாற்பத்தோரு வினாடி

ஐயா,

நீங்கள் கொடுத்த தாளில் கோடு இல்லை. வரி சாய்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளவும். கமுதிப் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அடிமட்டம் வைத்து எழுதித்தான் பழக்கம்.

நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னீர்கள். என் பெயர் குருநாதன். அக்காள்மடத்தில் மெயின் ரோட்டின்மேல் டீசல் பட்டறை வைத்திருக்கிறேன். காளிராஜ் என் தங்கை நாகஜோதியின் வீட்டுக்காரர். ராமேஸ்வரத்தில் மீன் ஏற்றி மதுரைக்கு ஓட்டுகிற மினி லாரி அவருடையது. எனக்கும் அவருக்கும் பகை என்று எழுத வேண்டாம். நல்லது கெட்டதுக்கு ஒரே பந்தியில் உட்காருகிறவர்கள்தான் நாங்கள்.

நான் செய்த அந்தக் கருவியைப் பற்றி ஏட்டய்யா தப்பாக எழுதிக்கொண்டதால் திருப்பிச் சொல்கிறேன். அது வெடிபொருள் இல்லை. இன்ஜினில் புகை வெளியேறுகிற வால்வுக்கு மேலே ராக்கர் என்று ஒரு கை இருக்கும், ஏற்றம் இறைக்கிற மரம் மாதிரி. அந்தக் கைக்குள்ளேயே துளை போட்டு, சுண்டுவிரல் அளவு பிஸ்டன் ஒன்றை வைத்தேன். இன்ஜின் ஆயிலே அதைத் தள்ளும். தள்ளிய ஆயில் திரும்பாமல் ஒரு சின்னக் குண்டு வாசலில் நின்று மறிக்கும். ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்தால் போதும், வால்வு இம்மியளவு திறந்தே நிற்கும். அழுத்தின காற்று இன்ஜினைத் திருப்பித் தள்ளாமல் வெளியே போய்விடும். இழுத்துக்கொண்டு போன இன்ஜினே பிடித்து நிறுத்துகிற ஆளாக மாறிவிடும். பெரிய லாரிகளில் இதே வேலைக்கு டிபன் கேரியர் அளவில் மாட்டியிருப்பார்கள். என்னுடையது வால்வு மூடிக்குள்ளேயே அடங்கிவிடும். நாலு வருடம், பதினேழு மாதிரி.

காளிராஜ் அதற்கு வைத்த பெயர் பொடி டப்பா.

போன மாசியில் நயினார்கோவிலில் அவர் மகளுக்குக் காது குத்தினோம். பந்தியில் என் பெரியப்பா மகன், "குருநாதா, இப்ப என்ன செய்யிற?" என்று கேட்டார். நான் வாயில் இருந்த சோற்றை விழுங்குவதற்குள் காளிராஜ் முந்திக்கொண்டார்.

"எங்க மச்சான் மேடே இல்லாத சீமைக்கு இறக்கத்துல பிடிக்கிற பிரேக் செய்யிறாக. நம்ம மாவட்டத்துல வேகத்தடைதான் மலை. அடுத்து கமுதிக்குக் குடை செய்யப் போறாக, மழைதான் வரணும்."

இருநூறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகத்தான் சொன்னார்.

ஆனால் மேடு இருக்கிறது, ஐயா. பாம்பன் பாலம் இருக்கிறது. நடுவில் உயர்ந்து மண்டபம் பக்கம் இறங்குகிறது. அதை அவரிடம் சொன்னபோது, "அந்த எறக்கத்துக்கு என் காலு போதும் மச்சான்" என்றார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவர் கால் இருக்கிறவரை என் கருவிக்கு வேலை வராது. கால் பிரேக்கும் பிடித்து, கருவியும் பிடித்தால் எது நிறுத்தியது என்று எப்படிச் சொல்வது? சோதனை என்றால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்பு அறிவியலிலேயே அது இருக்கிறது.

வியாழக்கிழமை ஆயில் மாற்ற வண்டியை விட்டார். பொடி டப்பாவை மாட்டினேன். கால் பிரேக் பாலத்து உச்சி வரைக்கும் வரும், அதற்கு மேல் வராது என்ற அளவுக்கு ஒரு வேலையும் பார்த்தேன். எப்படி என்று உங்கள் மெக்கானிக் கண்டுபிடித்துவிட்டார், அதை இங்கே எழுதவில்லை. யாராவது செய்து பார்த்துவிடுவார்கள். கை பிரேக் மூன்று வருடமாகவே பேருக்குத்தான் இருந்தது. அதில் எனக்குப் பங்கு கிடையாது.

அவரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொன்னால் ஓட்டியிருக்க மாட்டார். நீங்களே ஏன் ஓட்டவில்லை என்றும் கேட்டீர்கள். நான் ஓட்டினால் கடிகாரத்தை யார் பிடிப்பது?

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மண்டபம் பக்கம் பாலம் முடிகிற இடத்தில், இளநீர் விற்கிற உலகம்மாளின் தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் நின்றேன். என் கருவி வேலை செய்தால் படபடவென்று ஒரு சத்தம் வரும். அதற்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். உச்சியில் வண்டி தெரிந்ததும் கடிகாரத்தை அழுத்தினேன்.

சத்தமே வரவில்லை. வண்டி மட்டும் வந்தது.

இந்தப் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு, ஐயா. உச்சி ஏறியதும் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் தட்டிவிட்டு உருட்டிக்கொண்டே இறங்குவார்கள். நியூட்ரலில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இன்ஜின் எவ்வளவு பிடித்தாலும் சக்கரத்துக்குத் தெரியாது. ஆகவே என் கருவி தோற்றது என்று எங்கும் எழுதக் கூடாது. அதற்கு வாய்ப்பே கொடுக்கப்படவில்லை.

நாற்பத்தோரு வினாடியில் என்னைக் கடந்தார். ஹாரனில் கையை வைத்தபடியே போனார். தள்ளுவண்டியை இடித்து, முப்பது இளநீரை உருட்டிவிட்டு, கருவேலங்காட்டுக்குள் நுழைந்து நின்றார். முள்ளுக்கு முள் சூடை மீன் தொங்கியது. காக்காய்களுக்கு அது நல்ல நாள். உலகம்மாள் தண்ணீர் குடிக்கப் போயிருந்ததால் தப்பித்தாள். மாப்பிள்ளைக்கு வலது கால் இரண்டு இடத்தில் முறிவு, தோள்பட்டை எலும்பும் போனது.

அவரைத் தூக்கிப் படுக்க வைத்தபோது என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பிரேக் பிடிக்கலை மச்சான். ஒங்க பொடி டப்பாவாச்சும் இருந்திருக்கலாம்."

நாலு வருடத்தில் அவர் அதைப் புகழ்ந்தது அன்றுதான். கூட்டம் கூடியிருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "இருக்கு மாப்பிள்ளை, இங்கன பாருங்க" என்று வால்வு மூடியைக் கழற்றிக் காட்டினேன். அவர் பார்த்தார். பக்கத்தில் நின்ற ஏட்டய்யாவும் பார்த்தார். நீங்கள் என்னைத் தேட வேண்டியிருக்கவில்லை.

நியூட்ரல் பழக்கம் முன்பே தெரியுமா என்று நீங்கள் மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். தெரியும். அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானே எத்தனையோ முறை அப்படி இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு மறந்துவிட்டது. அளவெடுக்கிற ஞாபகத்தில் இப்படி ஒன்றிரண்டு விட்டுப்போவது உண்டு. அவரைக் கொல்ல நினைத்தேன் என்பது மட்டும் அபாண்டம்.

நேற்று நாகஜோதி தூக்குச்சட்டியில் சோறு கொண்டுவந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் அவளும் அதே லாரியில் நயினார்கோவிலுக்குப் போகிறவள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணே, அது நிப்பாட்டிரும்னு நம்பித்தான மாட்டுனீக?"

"ஆமாத்தா."

"அப்ப அன்னைக்கு என்னய மட்டும் எதுக்குப் பஸ்ஸுல ஏத்திவிட்டீக?"

லாரி சீட்டில் ஸ்பிரிங் குத்தும், பஸ்தான் உனக்கு வசதி என்றேன்.

"அந்தச் சீட்டைப் போன மாசந்தான நீங்களே புதுசா தச்சுக் குடுத்தீக" என்றாள். தூக்குச்சட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சொன்னது சரிதான், ஐயா. ஸ்பிரிங் நாலையும் மாற்றி, புது ரெக்சின் போட்டிருந்தேன். பட்டறையில் இருந்து நீங்கள் எடுத்துவந்த என் குறிப்பேட்டில் முப்பத்தொன்பதாம் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வழக்கில் சேர்க்காமல் விட முடியுமா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கு. குருநாதன்